கறுவாவின் மணம்: மண்ணின் கொடையா, கைவினையின் பயனா?

தோற்றுவாய்

கொழும்பு மாநகரின் ஒரு பகுதியைத் தமிழர் இன்றும் கறுவாக்காடு என்றே வழங்குவர். மாளிகைகளும் தூதரகங்களும் நூதனசாலையும் அமைந்துள்ள அப்பகுதியிலே கறுவாச் செடியொன்றைக் காண்டல் இன்று அரிது. ஆயின், இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அது வெறும் பெயராக இருக்கவில்லை. மருதானை தொடக்கம் தெற்கு நோக்கிப் பரந்து கிடந்த வெண்மணல் நிலத்திலே, ஆள் உயரமுள்ள கறுவாப் புதர்கள் நிறைந்திருந்தன. அப்புதர்களின் விளைவை முன்னிட்டே ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்தீவின் கரையோரத்தைக் கைப்பற்றி நின்றன. பட்டையின் நுண்ணிய கலங்களுள் உறையும் சிறிதளவு எண்ணெயே அத்தனைக்கும் மூலமாயிற்று.

அந்த எண்ணெயின் சிறப்பு எங்கிருந்து வந்தது? இலங்கையின் மண்ணும் மழையும் வெயிலும் தந்த கொடை அது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை. வணிகரும் ஆட்சியாளரும் பயணிகளும் அவ்வாறே எழுதினர். நம்மவரும் அதனைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர். இவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. வளருஞ் சூழல் நறுமண எண்ணெயை எவ்வாறு பாதிக்கின்றது என்ற வினாவைக் கறுவாவின் வரலாற்றோடு சேர்த்து ஆராயுமிடத்து, மண்ணின் பெயரில் எழுதப்பட்ட கணக்கிலே மனிதரின் அறிவும் உழைப்பும் பெருமளவுக்கு மறைந்து கிடத்தலைக் காணலாம். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு செடி, மூன்று மணம்

கறுவா லோரேசியேக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் அதனைச் சின்னமோமம் வேரம் என்றும், முன்னர்ச் சின்னமோமம் செய்லானிக்கம் என்றும் பெயரிட்டழைத்தனர். காட்டிலே தன்னிச்சையாக வளரவிடின் அது 10 முதல் 15 மீற்றர் வரை உயரும் மரமாகும். தோட்டத்திலோ, அடியோடு வெட்ட வெட்டத் துளிர்க்கும் இயல்பினால், பல தண்டுகளையுடைய புதராக அது பேணப்படுகின்றது. எனவே கறுவாப் புதர் என்பது இயற்கையின் வடிவமன்று. மனிதன் கத்தியினால் ஆக்கிய வடிவமாகும்.

காற்றிற் பறந்து மணம் பரப்பும் தன்மையுடைய எண்ணெய்களைச் சாறெண்ணெய்கள் என்பர். அவை தாவரத்தின் சிறப்புக் கலங்களில் உண்டாகிச் சேர்கின்றன. கொதிநீராவியினாற் காய்ச்சி வடித்து அவற்றைப் பிரித்தெடுக்கலாம். கறுவாவிலே வியப்புக்குரியது யாதெனின், ஒரே செடியின் வெவ்வேறு உறுப்புகள் வெவ்வேறு எண்ணெய்களைத் தருதலாம். பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சினமல்டிகைட்டு. கறுவா மணம் என நாம் கொள்வது அதுவே. இலை எண்ணெயின் பெரும்பகுதி இயூஜினோல். அது கராம்பின் மணமுடையது. வேர்ப்பட்டை எண்ணெயிலோ கற்பூரமே மிகுந்துள்ளது. 1970களிற் சேனநாயக்கவும் அவர்தம் ஆய்வுத் துணைவரும் இம்மூவகை எண்ணெய்களையும் நுணுகிப் பகுத்தாராய்ந்து, அவற்றின் கூறுகளை நிறுவினர். பட்டையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயின் அளவு பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியதே.

இம்மூன்று மணங்களையும் இரசாயனவியல் பெயரிட்டு வகுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் அவற்றை அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் காலச் சட்டங்களைப் பற்றி 1859ஆம் ஆண்டு வெளியான தமது நூலிற் கூறும் எமேர்சன் டெனன்ற், அரசின் ஆணையின்றிக் கறுவாப் பட்டையை உரித்தல், விற்றல், செடிக்கு ஊறு செய்தல் ஆகியன மட்டுமன்றி, பட்டையிலிருந்தோ இலையிலிருந்தோ எண்ணெய் வடித்தலும் வேரிலிருந்து கற்பூரம் எடுத்தலுங்கூட மரண தண்டனைக்குரிய குற்றங்களாக வைக்கப்பட்டிருந்தன என்கின்றார். யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்கச் சட்டம் தோன்றாது. பட்டை, இலை, வேர் என்பவற்றின் வேறுபட்ட பயனை இந்நாட்டு மக்கள் அறிந்திருந்தமைக்கு அத்தடையே சான்றாகும்.

காட்டுக் கறுவாவின் காலம்

1344ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்த இபுன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த மேற்குக் கரையிலே இறங்கினார். அவர் குறிப்பிடும் பத்தாலா என்னும் துறையைப் புத்தளம் எனக் கொள்வர். அக்கரையெங்கும் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் குன்றுபோற் குவிந்து கிடந்தன என்றும், சோழமண்டலக் கரையினரும் மலையாளக் கரையினரும் விலையின்றி அவற்றை எடுத்துச் சென்று, அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணியும் பிறவும் அளித்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். அக்காலத்திலே கறுவா பயிரிடப்படும் பொருளாகவன்றி, காடு தரும் பொருளாகவே விளங்கியது என்பது இதனாற் புலனாகின்றது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் வந்தபின் நிலைமை மாறிற்று. கறுவா அரசிறைப் பொருளாயிற்று. பின்னர் ஏகபோக வணிகப் பொருளாயிற்று. 1563இற் கோவையில் மருந்துப் பொருள்கள் பற்றிய நூலை வெளியிட்ட கார்சியா த ஓர்த்தா, மலையாளக் கறுவாவினும் இலங்கைக் கறுவா பெரிதும் உயர்ந்ததெனப் போற்றினார். 1640இற் காலியையும் 1656இற் கொழும்பையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அவ்வணிகத்தை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டது.

காட்டிலே மரத்தைத் தேடி, வெட்டி, உரித்து, உலர்த்திக் கொணரும் பணி சாலாகம சமூகத்தினர் மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் வழியினர் தாம் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. நெசவுத் தறியை விட்டுக் காட்டுக் கத்தியை ஏந்த நேர்ந்த அம்மக்களை நிருவகித்த பகுதி மகாபத்த எனப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஆண்மகன் ஒருவன் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதெய்தியதும் அவன் பெயர் பதிவேட்டில் ஏறும். ஆண்டுதோறும் குறித்த அளவு கறுவா கொடுக்கும் கடன் அவனைச் சேரும். கண்டி மன்னனின் எல்லைக்குட்பட்ட காடுகளிலும் பல மாதங்கள் தங்கி அவர்கள் உரிக்கவேண்டியிருந்தது. மன்னனுக்கும் கம்பனிக்கும் பகை மூண்டபோதெல்லாம் இடையிற் சிக்கி அல்லற்பட்டோர் இவர்களே.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே வாழ்ந்தமையினால் அவர்களிடம் ஓர் அறிவு திரண்டது. கறுவாவை அவர்கள் சுவையினால் வகுத்தனர். இனியது றச குறுந்து. துவர்ப்பது கஹட்ட குறுந்து. கற்பூரம் மணப்பது கப்புறு குறுந்து. மெல்லும்போது வழுவழுப்பது செவெல குறுந்து. பல்லில் மணல்போல் நறநறப்பது வெலி குறுந்து. இலையைக் கிள்ளி மென்று பார்த்தே இன்ன மரத்தை உரிக்கலாம், இன்னதை விடலாம் என அவர்கள் தீர்மானித்தனர். சினமல்டிகைட்டு என்ற சொல் உலகில் தோன்றுமுன் அதனை அளந்தறியும் கருவியாக விளங்கியது அவர்களுடைய நாவேயாகும். இன்றைய தாவரவியலார் மெய்க்கறுவாவைத் தவிர, அதன் இனத்தைச் சேர்ந்த ஏழு காட்டு வகைகள் இத்தீவுக்கே உரியனவாக உள்ளன என்பர். உரிப்போர் வேறெனக் கண்டவற்றுட் சில தனி இனங்களாகவே இருந்தன என்பது கருதத்தக்கது.

1729ஆம் ஆண்டின் ஓர் அறிக்கை

வளருஞ் சூழலுக்கும் கறுவாவின் மணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று 1729ஆம் ஆண்டளவில் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றுள்ளது. இலங்கையிற் கறுவாத் தொழிலுக்குத் தலைமைக் கண்காணியாக இருந்தவர் அம்ஸ்ரடாமிலிருந்த அல்பேட்டஸ் செபா என்பவருக்கு அனுப்பிய செய்தி அது. கறுவாவின் பல்வகைகளையும் அவற்றின் சிங்களப் பெயர்களையும் தந்தபின், அவ்வறிக்கை நிலத்தைப் பற்றிப் பேசுகின்றது.

அதன் கருத்து வருமாறு: நுண்ணிய வெண்மணல் நிறைந்த பள்ள நிலங்களில் வளரும் மரம் ஐந்து ஆண்டுகளில் உரிப்புக்குத் தகுதியாகும். ஈரமும் சேறுமான நிலத்தில் வளர்வதற்கு ஏழெட்டு ஆண்டுகள் வேண்டும். பெருமரங்களின் நிழலில் வளர்வது அதனினும் பிந்தும். மேலும், இவ்வாறு ஈரத்திலும் நிழலிலும் வளர்ந்தவற்றின் பட்டை இனிமை குன்றிக் கசப்பும் துவர்ப்பும் கற்பூரச் சுவையும் உடையதாகும். வெயில் படும்போது வேரிலுள்ள கற்பூரம் மெலிந்து மேலெழுந்து மரத்தின் சாற்றோடு கலந்து பக்குவப்படுகின்றது; வெயில் படாதவிடத்து அப்பக்குவம் நிகழ்வதில்லை என்பது அறிக்கை கூறும் காரணம்.

இக்கூற்றை இன்றைய அறிவைக்கொண்டு சீர்தூக்குவோம். கற்பூரம் வேரிலிருந்து வெயிலினால் மேலேறுவதில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய எண்ணெயைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. சினமல்டிகைட்டும் இயூஜினோலும் ஒரே மூலப் பொருளிலிருந்து கிளைக்கும் பாதைகளில் உருவாகின்றன; கற்பூரமோ முற்றிலும் வேறான பாதையில் உருவாவது. ஆகவே அறிக்கையின் காரணவிளக்கம் பிழையானது. ஆனால், அதன் அவதானிப்பு பிழையானதன்று. நீர் தேங்கும் நிலத்தில் வளர்ந்த கறுவா கசப்புற்று மணம் குன்றும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் பயிரியல் நூல்களும் வழிமொழிகின்றன.

சரியான அவதானிப்பும் தவறான விளக்கமும் ஒரே அறிக்கையில் அமைந்தது எவ்வாறு? அவதானித்தவர் ஒருவர், விளக்கியவர் பிறிதொருவர் எனக் கொள்வதே பொருத்தமாகும். எந்தப் பள்ளத்து மரம் எத்தனை ஆண்டில் முதிரும், எந்த நிழலின் பட்டை கசக்கும் என்பன கொழும்புக் கோட்டைக்குள் அமர்ந்திருந்து அறியக்கூடியவையல்ல. அவை ஆண்டுதோறும் காட்டில் அலைந்தவர்களின் அறிவு. அறிக்கையிற் கண்காணியின் பதவி உண்டு, செபாவின் பெயர் உண்டு. மென்று பார்த்த நாவுக்கு உரியவர் எவரினதும் பெயர் இல்லை.

பயிரிட்டால் மணம் குன்றுமா?

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கறுவா காட்டிலேயே விளையவேண்டும் என்ற எண்ணம் நிலவியது. பறவைகள் கனியை உண்டு விதையைப் பரப்ப, காடு அதனைப் பேணுகின்றது. மனிதன் நட்டு வளர்ப்பின் அதன் குணம் கெடும் என்ற ஐயம் ஆட்சியாளரிடம் இருந்தது. இவ்வையத்தை உடைத்தெறியக் கம்பனியைத் தூண்டியது அறிவியல் ஆர்வமன்று, அரசியல் நெருக்கடியேயாகும். 1760இற் கரையோரக் குடிகளும் கறுவா உரிப்போரும் கிளர்ந்தெழுந்தனர். தொடர்ந்து கண்டியுடன் மூண்ட போர் 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையோடு முடிவுற்றது. கரையோரம் முழுவதும் கம்பனியின் கைக்கு வந்ததாயினும், கண்டியின் காடுகளை நம்பி வணிகம் நடத்தலின் ஆபத்து தெளிவாயிற்று.

1765 முதல் 1785 வரை தேசாதிபதியாக இருந்த இமான் வில்லெம் பால்க், கொழும்பு கிராண்ட்பாஸில் இருந்த தோட்டத்திலே கறுவாவை நட்டுப் பார்த்தார். 1777-78இல் இங்கு வந்திருந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க் இப்பரிசோதனையைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். விதைகள் நன்கு முளைத்தன. ஆயின் சில காலத்தில் நாற்றுகள் யாவும் பட்டுப்போயின. காரணம் ஆராய்ந்தபோது, காட்டிற் கறுவா உரித்துப் பிழைத்த சிங்களவர் ஒருவர் இரவுதோறும் இரகசியமாக நாற்றுகளுக்கு வெந்நீர் தெளித்தமை தெரியவந்ததாம். தோட்டம் தோன்றின் தம் பிழைப்புக் கெடும் என அவர் அஞ்சினார்.

இச்செய்தியை வேடிக்கைக் கதையாகக் கொண்டு கடந்து செல்லுதல் முறையன்று. காடு துன்பம் நிறைந்ததாயினும், எந்த மரம், எந்த இடம், எந்தக் காலம் என்ற அறிவு உரிப்போனிடமே இருந்தது. அவ்வளவுக்கு அவனை விட்டால் வேறு வழியில்லாதவராய் ஆட்சியாளர் இருந்தனர். மரங்களை வரிசையாக நட்டு, எண்ணி, வேலியிட்டுவிட்டால் அந்த அறிவின் பெரும்பகுதிக்குத் தேவையற்றுப்போகும். வெந்நீர் தெளித்த கை ஒரு செடியை மட்டும் அழிக்க முயலவில்லை; தன் அறிவின் மதிப்பைக் காக்கவும் முயன்றது எனலாம்.

பரிசோதனை ஈற்றில் வெற்றிபெற்றது. பால்க்கும், அவருக்குப்பின் 1785 முதல் 1794 வரை ஆண்ட வன் த கிராப்பும் தோட்டங்களை விரிவுபடுத்தினர். 1796இற் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் மருதானை, கதிரானை, ஏக்கலை, மொறட்டுவை ஆகிய இடங்களின் பெருந்தோட்டங்களுக்கு உரிமையாளராயினர். பயிரிட்ட கறுவா காட்டுக் கறுவாவுக்குத் தாழ்ந்ததன்று என்பது நிறுவப்பட்டது. அஃது எவ்வாறு தாழாதிருந்தது? இனிய வகையையே தெரிந்து நட்டமையாலும், இளந்தண்டையே வெட்டியமையாலும் ஆகும். காட்டிலே நா செய்த தெரிவு, தோட்டத்திலே நடுகையின்போதே செய்யப்பட்டது. மணத்தைக் காத்தது காடன்று, தெரிவே என்பதை இது காட்டுகின்றது.

வெண்மணலின் புதிர்

கொழும்புக் கறுவாத்தோட்டத்து மண்ணை ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் பகுத்தாராய்ந்து 1821இல் வெளியான தமது நூலில் அதன் விபரத்தைத் தந்தார். உலர்ந்த மண்ணின் நூறு பங்கில் 98.5 பங்கு வெறும் சிலிக்கா மணல். ஒரு பங்கு நீர். தாவர உக்கல் அரைப் பங்கே. இத்தகைய வறிய மண்ணில் உலகின் சிறந்த கறுவா விளைந்தது எவ்வாறு என்பது பலருக்கும் புதிராயிற்று. வெப்பம் ஆண்டு முழுவதும் சீராக இருத்தல், அடிக்கடி மழை பெய்தல், காற்றில் ஈரம் நிறைந்திருத்தல் ஆகியவற்றையே டேவி காரணமாகச் சுட்டினார்.

அக்காரணங்கள் இன்றும் ஏற்கத்தக்கனவே. கறுவா 25 முதல் 32 பாகை வரையான வெப்பத்தையும், ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறையாத, நன்கு பகிர்ந்து பெய்யும் மழையையும் விரும்புவது. மணல் நிலம் நீரை விரைவில் வடியவிடுகின்றது. ஆழத்தில் ஈரம் தங்குகின்றது. ஆகவே வேர் அழுகுவதில்லை, வாடுவதுமில்லை. உரம் குறைந்த அம்மண்ணில் தண்டு மெலிந்து வளர்வதனாற் பட்டையும் மெல்லியதாக அமைகின்றது. காலி, மாத்தறை மாவட்டங்களின் செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில் விளைச்சல் மிகும், பட்டை தடிக்கும். நீர்கொழும்பு மணற்பாங்கான நிலத்துப் பட்டை நுண்மையுடையது என்பது வேளாளர் நெடுநாளாகக் கண்டது.

ஆயின், மண்ணின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அது பட்டையின் தடிப்பையும் வளர்ச்சியின் வேகத்தையும் எண்ணெயின் அளவையும் கூறுகளின் விகிதத்தையும் ஓரளவுக்கு மாற்றும். ஒன்றைப் பிறிதொன்றாக ஆக்கமாட்டாது. சீனத்துக் கசியாப் பட்டையை நீர்கொழும்பு மணலில் நட்டாலும் அது கசியாவாகவே இருக்கும். அதிற் காணப்படும் கூமரின் என்னும் பொருள் இலங்கைக் கறுவாவில் மிகச் சொற்பம். இவ்வேறுபாடு பிறப்பினால் வருவது, இடத்தினால் வருவதன்று. அதுபோலவே கஹட்ட குறுந்து வெண்மணலிலும் துவர்க்கும். பரம்பரை இயல்பு எல்லையை வகுக்கின்றது; வளருஞ் சூழல் அவ்வெல்லைக்குள் நின்று ஏற்றியிறக்குகின்றது. அவ்விரண்டும் தந்ததைக் காப்பதும் கெடுப்பதும் மனிதன் கையில் உள்ளன.

மழையும் கத்தியும்

உரிப்பின் காலத்தை வகுப்பது மழை. ஏறத்தாழச் சித்திரை முதல் ஆவணி வரை பேரறுவடை என்றும், கார்த்திகை முதல் தை வரை சிற்றறுவடை என்றும் ஒல்லாந்தர் வகுத்த பகுப்பு இரு பருவமழைகளையும் தழுவியது. மழைக்குப்பின் செந்நிறமாகத் தோன்றும் கொழுந்து பச்சை நிறமாக மாறும்போது தண்டிற் சாறு ஓடும். பட்டை மரத்தைவிட்டு எளிதிற் கழலும். அதற்கு முந்தினும் பிந்தினும் பட்டை ஒட்டிக்கொண்டு கிழியும். செடியின் நிறத்தை நோக்கி நாளைத் தெரிதல் உரிப்போனின் கலையின் முதற்படி.

இரண்டாம் படி தண்டைத் தெரிதல். புதரின் ஓரத்துத் தண்டினும் நடுத்தண்டு மேலானது. ஒரு தண்டிலும் அடியும் நுனியும் தாழ்ந்தவை, நடுப்பகுதி உயர்ந்தது. அடிப்பட்டை முரடானது, நுனிப்பட்டை முதிராதது. மூன்றாம் படி கைவேலை. வெளித்தோலைச் சீவியபின், பித்தளைக் கோலினால் அழுத்தித் தேய்த்து, பட்டையைச் சிதையாமற் கழற்றி, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்துவர். கடும்வெயிலில் உலர்த்தினாற் பட்டை கோணும், எண்ணெயும் பறக்கும். சிறந்த அல்பா என்னும் தரத்துக் குழல் 6 மில்லிமீற்றர் விட்டமே உடையது. அதனை அவ்வாறு சுருட்டும் விரல்களுக்கு ஈடாக எவ்வகை மண்ணையும் கூறவியலாது.

கறுவாத்தோட்டத்தைக் காணவந்த ஐரோப்பியப் பயணிகள் பலர், தோட்டத்தில் மணமே இல்லை எனக் கூறி ஏமாற்றமடைந்தனர். கப்பலிலிருந்தே கறுவா மணத்தை நுகரலாமென நூல்களிற் படித்து வந்தவர்கள் அவர்கள். எண்ணெய் கலங்களுள் அடைபட்டுக் கிடப்பதனால், இலையைக் கசக்கும்வரை, பட்டையைக் கீறும்வரை செடி மணப்பதில்லை. கை படாதவரை மணம் வெளிப்படாது என்பது இங்குச் சொல்லளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் உண்மையாகும்.

தரம் பார்க்கும் பணியிலும் நாவே துணையாயிற்று. ஏற்றுமதிக்கு முன் மருத்துவர்கள் கறுவாவை மென்று பார்த்தே தேர்ந்தனர். றொபேட் பேர்சிவல் 1803இல் எழுதியபடி, அது மிக வருத்தந்தரும் பணி, காரத்தினால் நாவும் வாயும் புண்பட, இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஒருவராலும் தொடர இயலவில்லை, முறைவைத்து மாறிக்கொண்டனர். மருத்துவரின் இவ்வருத்தத்தைப் பதிந்த நூல்கள், அதே சுவையைத் தம் வாழ்நாள் முழுவதும் மென்று கற்றவர்களைப்பற்றிச் சில வரிகளே எழுதின.

கடல் கடந்த கறுவா

மண்ணே மணத்தின் காரணமாயின், ஒத்த மண்ணும் மழையும் உள்ள பிறநாடுகளில் அதே கறுவா விளைந்திருத்தல் வேண்டும். இதனைச் சோதிக்கும் வாய்ப்பை வரலாறே தந்தது. 1772இல் பிரெஞ்சுக்காரர் சீசெல்சுத் தீவுகளின் மாஹே தீவிலே வாசனைத் தோட்டம் ஒன்றை நிறுவினர். 1780இல் வந்த கப்பல் ஒன்றைப் பகைவருடையதெனப் பிழையாகக் கருதி, செடிகள் ஆங்கிலேயர் கைப்படாவண்ணம் தோட்டத்தை அவர்களே தீயிட்டனர். பின்னரே அது பிரெஞ்சுக் கப்பல் எனத் தெரிந்தது. ஆயினும் பறவைகள் ஏற்கெனவே கறுவா விதைகளை மலைகளெங்கும் பரப்பியிருந்தன. காலப்போக்கில் மாஹேயின் மலைச்சாரல்கள் கறுவாக் காடாயின.

அங்கு வெப்பமும் மழையும் செடிக்கு உவந்தவையாகவே இருந்தன. செடியும் அதே இனம். ஆயின் சீசெல்சிலிருந்து பெரும்பாலும் சந்தைக்கு வந்தவை சீவப்படாத முரட்டுப் பட்டையும், 20ஆம் நூற்றாண்டில் இலையிலிருந்து வடித்த எண்ணெயுமே. மெல்லிய குழற் கறுவாவுக்கு அத்தீவு பெயர்பெறவில்லை. செடி சென்றது, காலநிலையும் வாய்த்தது, கை செல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலையாளத்து அஞ்சரக்கண்டியிலும், 1825இல் யாவாவிலும் கறுவா நடப்பட்டது. எனினும் நுண்குழல் ஆக்கத்தில் இலங்கையின் முதன்மை அழியவில்லை.

1833இல் அரச ஏகபோகம் நீக்கப்பட்டபோது இறாத்தலுக்கு 3 சிலிங் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. மலிந்த கசியாவோடு போட்டியிட இயலாது விலை வீழ்ந்தது. கோப்பிப் பயிர் மூலதனத்தை ஈர்த்தது. கொழும்புத் தோட்டங்கள் படிப்படியாகக் குடிமனைகளாயின. கறுவா தெற்கே காலி, மாத்தறைப் பகுதிகளில் நிலைத்தது. வெண்மணலை விட்டுச் செம்மண்ணுக்குப் பெயர்ந்தபின்னும் இலங்கைக் கறுவா இலங்கைக் கறுவாவாகவே மதிக்கப்பட்டது. எல்லாம் வெண்மணலே என்றிருந்தோருக்கு வரலாறு அளித்த மறுமொழி இதுவாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. நறுமண எண்ணெயின் அடிப்படை இயல்பு செடியின் பிறப்பினாலும் உறுப்பினாலும் அமைவது. மண்ணும் மழையும் வெயிலும் நிழலும் அதனை ஓரளவுக்கு ஏற்றியிறக்குவன. அவ்விரண்டையும் அறிந்து, உரிய செடியை உரிய நாளில் உரிய முறையிற் கையாள்வதே அவ்வெண்ணெயைச் சந்தைப் பொருளாக்குவது. இவற்றுள் மூன்றாவதே வரலாற்று நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டது. மண்ணைப் புகழ்ந்தால் மண்ணை ஆள்பவனுக்குப் புகழ் சேரும்; கையைப் புகழ்ந்தாற் கைக்குக் கூலி தரவேண்டும். பழைய ஆவணங்களின் மௌனத்துக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் வேண்டுவதின்று.

2009இல் மாத்தறை மாவட்டத்துப் பலொல்பிட்டிய ஆராய்ச்சி நிலையத்திற் செய்த தெரிவின் பயனாக ஸ்ரீ விஜய, ஸ்ரீ கெமுனு என இரு சிறந்த வகைகள் வெளியிடப்பட்டன. ஏராளமான செடிகளிலிருந்து விளைவும் தரமும் மிக்கதைத் தெரிந்தெடுக்கும் அம்முயற்சி, இலையை மென்று மரத்தைத் தெரிந்த பழைய முயற்சியின் தொடர்ச்சியே. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பை அளித்தது. இந்நாட்டுப் பொருளொன்று அங்கு அவ்வாறு பதிவுபெற்றது அதுவே முதன்முறை. ஓர் இடத்தின் பெயர் உலகச் சந்தையில் மதிக்கப்படுதல் மகிழ்ச்சிக்குரியதே.

ஆயின் இன்று கறுவாத் தோட்டக்காரர் கூறும் முதற்குறை மண்ணைப் பற்றியதன்று, மழையைப் பற்றியதுமன்று. உரிக்க ஆளில்லை என்பதே. தந்தை தரையிலமர்ந்து தேய்த்த பித்தளைக் கோலை மகன் எடுக்க விரும்புவதில்லை. அவனைக் குறைகூறல் தகாது. நூற்றாண்டுகளாகக் கட்டாயக் கடமையாகவும் சாதியின் அடையாளமாகவும் சுமத்தப்பட்ட தொழிலுக்கு, கலை என்ற மதிப்பையும் அதற்கேற்ற ஊதியத்தையும் சமூகம் இன்னும் முழுமையாக அளிக்கவில்லை. மண் எங்கும் போய்விடாது. மழையும் தன் பருவத்திற் பெய்யும். செங்கொழுந்து பச்சையாக மாறும் நாளை அறியும் கண்ணும், நடுத்தண்டைத் தெரியும் கையும் இல்லாதொழியின், கறுவாக்காடு கொழும்பில் இன்று நிற்பதுபோல இத்தீவெங்கும் வெறும் பெயராய் நிற்கும்.